அடைக்கலமும் நீதிமன்றமும்

அமெரிக்காவில் அடைக்கலம் நாடுவோரின் வழக்கை விசாரிப்பவரை நீதிபதி என்றே அழைக்கின்றனர். ஆயினும் அவர் நீதித்துறையைச் சார்ந்தவர் அல்லர்; அமைச்சரவை உறுப்பினரான அட்டர்னி ஜெனரலின்கீழ்ப் பணிபுரியும் அரசு அலுவலரே ஆவார். மேல்முறையீட்டு வாரியத்தின் முடிவையும் அட்டர்னி ஜெனரல் மாற்றிவிடலாம்.

குடும்ப வன்முறைக்குத் தப்பி வந்த எல் சால்வடார் பெண்ணொருவருக்கு வாரியம் சாதகமாக அளித்த முடிவை, 2018இல் அட்டர்னி ஜெனரல் தள்ளினார். 2021இல், அடுத்த ஆட்சியின் அட்டர்னி ஜெனரல் அந்த ஆணையையே நீக்கினார். இடையில் சட்டம் மாறவில்லை; ஆட்சியே மாறிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வரி வழக்குகளுக்குரிய மன்றம் 1969இல் நிர்வாகத்தினின்று பிரிந்து தனி நீதிமன்றமாயிற்று. குடியேற்ற வழக்குகளுக்கும் அவ்வாறு அமைக்கக் கோரும் மசோதா 2022இல் பிரதிநிதிகள் சபையில் கொணரப்பட்டது, நிறைவேறவில்லை. பொருளுக்குக் கிடைத்த சுதந்திர நீதிமன்றம் உயிருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் கருத்து.