போன்ல இடம் இல்லைன்னு கேமை அழிச்சா... செட்டிங்ஸ் திரும்பி வருமா?

குன்றாண்டார்கோவிலில் கீரனூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிஜிஎம்ஐ ஆடும் ஒரு கல்லூரி மாணவர் என்று வைத்துக்கொள்வோம். போனில் ஸ்டோரேஜ் ஃபுல். கேமை அன்இன்ஸ்டால் செய்கிறார். ஒரு வாரம் கழித்து மறுபடி ஏற்றினால், வாங்கிய துப்பாக்கி ஸ்கின் அப்படியே இருக்கிறது. மாசக்கணக்கில் பார்த்துப் பார்த்து வைத்த சென்சிட்டிவிட்டி மட்டும் காணோம்!

காரணம், இரண்டும் இருப்பது இரண்டு இடத்தில்.

ஸ்கின், லெவல் எல்லாம் கம்பெனியின் சர்வரில் உங்கள் அக்கவுண்ட் பெயரில் இருக்கும். கிராஃபிக்ஸ், சவுண்ட், சென்சிட்டிவிட்டி போன்றவை பெரும்பாலும் போனுக்குள் ஒரு சின்ன ஃபைலில் எழுதப்படும். கேமைத் திறக்கும்போதெல்லாம் அது முதலில் அந்த ஃபைலைத்தான் தேடும். இல்லை என்றால் கம்பெனி வைத்த செட்டிங்ஸே வரும். இதில் நியாயமும் இருக்கிறது: விலை உயர்ந்த போனுக்கு வைத்த கிராஃபிக்ஸை சாதா போனில் போட்டால் கேம் திணறும்.

90-களில் டிவி கேமில் கான்ட்ரா ஆடியவர்களுக்கு இந்த ஃபைல்கூட கிடையாது. கரண்ட் போனால் முதலில் இருந்துதான்.

எப்போது அழியும்?

'கிளியர் கேச்' கொடுத்தால் பொதுவாக செட்டிங்ஸ் போகாது. 'கிளியர் டேட்டா' கொடுத்தால் போய்விடும். அன்இன்ஸ்டால் செய்தாலும் அப்படியே. ஆண்ட்ராய்டு 6-ல் இருந்து ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரை கூகுள் தானாக பேக்கப் எடுக்கும். ஆனால் கேம் தயாரித்தவர் அதை ஆஃப் செய்து வைத்திருக்கலாம். ஐபோனில் 'டெலீட்'டுக்குப் பதில் 'ஆஃப்லோட்' கொடுத்தால் டேட்டா தங்கும்.

இன்னொரு சிக்கல்: சில கேம்கள் வெளியேறும்போதுதான் ஃபைலை எழுதும். செட்டிங்ஸ் மாற்றிய கையோடு ரீசன்ட் ஆப்ஸில் இருந்து தள்ளிவிட்டால், மாற்றியது பதிவாகாமல் போகலாம்.

அக்கவுண்ட் ஏன் முக்கியம்?

2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 ஆப்களில் பப்ஜி மொபைலும் ஒன்று. 2021 ஜூலை 2-ம் தேதி பிஜிஎம்ஐ வந்தபோது, பழைய டேட்டாவைக் கொண்டுவர கிராஃப்டன் நிறுவனம் வழி கொடுத்தது. ஃபேஸ்புக், ட்விட்டர் லாகின் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். 'கெஸ்ட்' ஆக ஆடியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

எனவே அழிக்கும் முன், கெஸ்ட் அக்கவுண்ட்டை லாகினோடு இணைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் கிளவுடில் ஏற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையா? சென்சிட்டிவிட்டி பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்தாலும் போதும்.