வாசனை பூசி வந்த வில்லன்!

குஸ்தி தொடங்கப் போகிறது. கோதாவில் ஒரு பயில்வான் தயாராக நிற்கிறார். மற்றவரைக் காணோம்!

திடீரென்று இசை முழங்குகிறது. ஒரு வேலைக்காரர் வருகிறார். விருந்துக்குப் போவது போல உடை. ஒரு கையில் வெள்ளித் தட்டு. மறு கையில் வாசனைத் தண்ணீர்ப் புட்டி. கோதா முழுவதும் வாசனை தெளிக்கிறார். எதிரி நிற்கும் மூலையையும் விடவில்லை!

அதற்குப் பிறகுதான் "அவர்" வருகிறார். பொன்னிறச் சுருள் முடி. பளபளக்கும் அங்கி. தலையில் தங்க நிறக் கொண்டை ஊசிகள். ஊசிகளை எடுத்து ரசிகர்கள் பக்கம் வீசுகிறார். அங்கியைக் கழற்றி, சாவகாசமாக மடிக்கிறார். நடுவர் சோதனை போட வந்தால், "அழுக்குக் கையால் என்னைத் தொடாதே!" என்று சீறுகிறார்.

கூட்டம் கொதிக்கிறது. "அவனை உதை! முடியைப் பிடித்து இழு!" என்று ஒரே கூச்சல்.

யார் இந்தச் சிங்காரப் பேர்வழி?

அவர் பெயர் ஜார்ஜ் வாக்னர். கோதாவில் "கார்ஜியஸ் ஜார்ஜ்" என்று பெயர் வைத்துக்கொண்டார். "சிங்கார ஜார்ஜ்" என்று பொருள்.

கேலியில் பிறந்த யோசனை

ஜார்ஜ் 1915-ல் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஊர் ஊராகச் சென்று குஸ்தி போட்டார். மற்ற பயில்வான்களைப் போல மலை உடம்பு அவருக்கு இல்லை. ஆகவே யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள், வீட்டில் தைத்த அழகான அங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு கோதாவுக்கு வந்தார். அதைக் கழற்றி மெதுவாக மடித்தார். கூட்டம் கேலி செய்தது. அவர் இன்னும் மெதுவாக மடித்தார். கேலி, கோபம் ஆயிற்று.

அப்போது அவருக்கு ஒன்று புரிந்தது. பிடித்தவனைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுப்பார்கள். பிடிக்காதவன் உதை வாங்குவதைப் பார்க்க அதைவிட அதிகமாகக் கொடுப்பார்கள்!

முடிக்குச் சாயம் ஏற்றினார். சுருள் போட்டுக்கொண்டார். 1947-ல் டெலிவிஷனில் தோன்றினார். அமெரிக்க வீடுகளுக்கு டெலிவிஷன் வந்துகொண்டிருந்த சமயம் அது. இந்த ஆசாமியைப் பார்க்கவே பலர் டெலிவிஷன் வாங்கினார்கள் என்று சொல்வது உண்டு.

1961-ல் லாஸ் வேகாஸ் நகரில் 19 வயது குத்துச்சண்டை வீரர் ஒருவர் ஜார்ஜைச் சந்தித்தார். "நீ பெருமை அடித்துக்கொண்டே இரு. உன் வாயை யாராவது அடைப்பார்களா என்று பார்க்கவே கூட்டம் வரும்" என்ற பாடத்தை ஜார்ஜிடம் கற்றுக்கொண்டார். அந்த இளைஞர் யார் தெரியுமா? பின்னாளில் முகமது அலி என்று உலகப் புகழ் பெற்றவர்தான்!

பேசி வைத்த சண்டை

தொழில்முறைக் குஸ்தியில் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடும். இது பல காலம் ரகசியமாக இருந்தது. 1989-ல் ஒரு பெரிய குஸ்திக் கம்பெனியே, "இது போட்டி அல்ல, பொழுதுபோக்குதான்" என்று நியூ ஜெர்சி மாநிலச் சட்டசபைக்குத் தெரிவித்தது. போட்டிகளுக்கு உள்ள வரியும் கட்டுப்பாடும் தங்களுக்கு வேண்டாம் என்பதுதான் காரணம்!

முடிவுதான் பேசி வைத்தது. விழுவது நிஜம். வலியும் நிஜம்.

இந்தக் கூத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒருவர் நல்லவர். மற்றவர் வில்லன். வில்லன் இல்லாவிட்டால் நல்லவருக்கு வேலை இல்லை. துரியோதனன் இல்லாமல் பாரதக் கூத்து நடக்குமா?

ஆகவே விதவிதமான வில்லன்களை உண்டாக்கினார்கள்.

ஜெர்மானியர் அல்லாத ஜெர்மானியர்

அமெரிக்க ஜனங்கள் எந்த நாட்டின்மீது கோபமாக இருந்தார்களோ, அந்த நாட்டுக்காரர் கோதாவில் வில்லன் ஆனார்.

இரண்டாவது உலகப் போர் முடிந்ததும் "ஜெர்மானிய" வில்லன்கள் பலர் வந்தார்கள். அவர்களில் பேர் போனவர் ஹான்ஸ் ஷ்மிட். முகத்தில் சிரிப்பே கிடையாது. இவரைக் கண்டாலே ஜனங்கள் பல்லைக் கடித்தார்கள். உண்மையில் அவர் கானடாக்காரர்! நிஜப் பெயர் கை லரோஸ். ஃபிரிட்ஸ் வான் எரிக் என்ற இன்னொரு "ஜெர்மானியர்" அசல் டெக்ஸாஸ்காரர். நிஜப் பெயர் ஜாக் அட்கிசன்.

"ஷேக்" என்று ஒரு வில்லன். அரபு நாட்டுத் தலைப்பாகையுடன் வருவார். ஆங்கிலம் தெரியாதவர் போல இருப்பார். திடீரென்று கையிலிருந்து நெருப்பைப் பறக்க விடுவார்! அவர் பெயர் எட்வர்ட் ஃபர்ஹாத். லெபனான் வம்சாவளி. பிறந்தது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம். உலகப் போரில் அமெரிக்கப் பட்டாளத்தில் பணி செய்தவர்!

நிக்கோலாய் வோல்காஃப் என்ற "ருஷ்ய" வில்லன், சண்டைக்கு முன்னால் சோவியத் தேசிய கீதத்தைப் பாடுவார். அரங்கமே எழுந்து கூச்சல் போடும். உண்மையில் அவர் யுகோஸ்லாவியாவில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் ஆட்சி பிடிக்காமல் நாட்டை விட்டு வெளியேறியவர்!

"கமாலா" கதை வேறு. முகத்திலும் மார்பிலும் வண்ணம் பூசி, வெறுங்காலுடன் வருவார். பேச மாட்டார். ஆப்பிரிக்காவில் உகாண்டா காட்டிலிருந்து பிடித்து வந்ததாகச் சொல்வார்கள். அவர் பெயர் ஜேம்ஸ் ஹாரிஸ். மிஸிஸிப்பி மாநிலத்தவர். லாரி ஓட்டியவர். கறுப்பு மனிதர் என்றால் காட்டு மனிதர் என்ற கெட்ட எண்ணத்தைக் காசாக்கிய வேஷம் அது. நீரிழிவு நோயால் பின்னாளில் இரண்டு கால்களையும் இழந்தார். 2020-ல் காலமானார்.

வெளிநாட்டார் மீது கோபம் ஊட்டுவது சுலபம். அந்தக் கோபத்துக்குத்தான் டிக்கெட் விற்றார்கள்.

வரி அதிகாரியும் பல் டாக்டரும்

பிற்காலத்தில் வேறு விதமான வில்லன்கள் வந்தார்கள். நாடு எதற்கு? தினசரி வாழ்க்கையில் நமக்கு யாரைக் கண்டால் பயம்?

1991-ல் ஒரு வருமான வரி அதிகாரி கோதாவில் ஏறினார்! முழுக்கைச் சட்டை, டை, மூக்குக் கண்ணாடி, கையில் பெட்டி. "ஒழுங்காக வரி கட்டுங்கள், ஏமாற்றுக்காரர்களே!" என்று ரசிகர்களுக்கு உபதேசம் செய்வார். பிறகு அதே பெட்டியால் எதிரியை அடிப்பார். அவர் மைக் ரொட்டண்டா என்ற பயில்வான்.

டெட் டிபியாஸி "கோடீஸ்வர" வில்லன். பந்தை 15 தடவை தரையில் தட்டினால் 500 டாலர் தருவதாக ஒரு சிறுவனிடம் சொன்னார். சிறுவன் கவனமாகத் தட்டினான். கடைசித் தட்டுக்கு முன்னால் பந்தைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டார்! பார்த்த தாய்மார்களுக்கு வயிறு எரிந்தது.

1995-ல் ஒரு பல் டாக்டர் வந்தார். அவருடைய பல்லே சொத்தை! பெயர் ஐசக் யாங்கம். வேகமாகச் சொன்னால், "பிடுங்கிவிடுவேன்" என்று ஆங்கிலத்தில் பொருள் வரும். அந்த வேஷம் எடுபடவில்லை. ஆனால் வேஷம் போட்ட கிளென் ஜேக்கப்ஸ் சோர்ந்துவிடவில்லை. பிறகு முகமூடி மாட்டி "கேன்" என்ற பெயரில் பெரும் புகழ் பெற்றார். 2018-ல் டென்னஸ்ஸி மாநிலத்தில் நாக்ஸ் கவுண்டியின் மேயராகவும் ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்!

தவறிப் பிய்ந்த காது

சிலர் விரும்பாமலே பெரிய வில்லன் ஆனது உண்டு.

1952-ல் மான்ட்ரியால் நகரில் கோவால்ஸ்கி என்ற பயில்வான், கீழே கிடந்த யூகான் எரிக் என்பவர்மீது உயரத்திலிருந்து குதித்தார். குறி தவறியது. எரிக்கின் காது பிய்ந்துவிட்டது!

கோவால்ஸ்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். தலை முழுவதும் கட்டுப் போட்டு எரிக் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எரிக்கும் சிரித்தாராம். ஆனால், "காதைப் பிய்த்தவன் ஆஸ்பத்திரியில் சிரித்தான்" என்று செய்தி பரவியது. அன்றிலிருந்து அவர் "கொலைகாரக் கோவால்ஸ்கி"தான்! அந்தக் "கொலைகாரர்" பின்னாளில் மாமிசத்தையே தொடாதவர் ஆனார். பள்ளிக்கூடம் வைத்துப் பல இளைஞர்களுக்குக் குஸ்தி சொல்லிக் கொடுத்தார்.

நம்பியாரும் சினிமாவில் வில்லன்தான். நேரில் பக்திமான் என்பதை நாம் அறிவோம். ஆனால் சினிமா வில்லன் திரைக்குப் பின்னால் இருக்கிறார். குஸ்தி வில்லன் ரசிகர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார். ஆபத்து அங்கேதான்.

தொப்பி ஊசியால் பயில்வான்களைக் குத்திய பாட்டிகள் உண்டு! பிரெட்டி பிளாஸி என்ற வில்லன், எதிரியைக் கடிப்பதில் பேர் போனவர். ரசிகர்கள் தம்மைப் பல முறை கத்தியால் குத்தியிருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். 1962-ல் ஜப்பானில் அவருடைய ரத்தக் களரியை டெலிவிஷனில் பார்த்த முதியவர்கள் சிலர் அதிர்ச்சியில் இறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின.

விளையாட்டு வேஷம்தான். ஆனால் உண்டாக்கிய கோபம் விளையாட்டு அல்ல.

முடி போயிற்று

சிங்கார ஜார்ஜ் என்ன ஆனார்?

வயது ஏறியது. கூட்டம் குறைந்தது. குடிப் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. குடும்பம் பிரிந்தது. சேர்த்த பணம் கரைந்தது.

மிச்சம் இருந்தது அந்தப் பொன்னிற முடி ஒன்றுதான். 1959-ல் கானடாவில் டொரண்டோ நகரில் அதையே பந்தயம் வைத்தார். எதிரி, விப்பர் பில்லி வாட்சன். தோற்றால் மொட்டை!

ஜார்ஜ் தோற்றார். கோதாவிலேயே முடியை வெட்டினார்கள். எத்தனையோ வருஷமாக ஜனங்கள் ஆசைப்பட்ட காட்சி! ஆரவாரம் செய்தார்கள். 1962-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மறுபடியும் முடியைப் பறிகொடுத்தார்.

1963-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 48தான். கையில் காசு இல்லை.

அவர் யார் காதையும் பிய்க்கவில்லை. யார் நாட்டையும் இகழவில்லை. அங்கியை மெதுவாக மடித்தார், வாசனை தெளித்தார். அவ்வளவுதான். அதற்கே லட்சக்கணக்கானவர்கள் அவரை வெறுத்தார்கள். அந்த வெறுப்பிலேயே அவரும் பிழைத்தார். மற்றவர்களும் பிழைத்தார்கள்.

இன்றும் நம் வீட்டுப் பிள்ளைகள் குஸ்தி பார்க்கிறார்கள். வில்லன் வந்ததும் கத்துகிறார்கள். கத்தட்டும். ஆட்டம் முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்:

"தம்பி, உதை வாங்கினாரே, அவருக்கும் ஒரு வீடு உண்டு. வேஷத்தைக் கலைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரும் வீட்டுக்குத்தான் போவார்!"