பிழைத்த இரண்டு கோழிகள்

எனக்கு அப்போது பத்து வயது. திகாம் பத்துவில் பாட்டி வீட்டுக் கொல்லையில் பதினொரு கோழிகள் இருந்தன. ஒரு பள்ளி விடுமுறையில் அவை பச்சையாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. நான்கு நாளில் ஒன்பது செத்தன, இரண்டு பிழைத்தன. "ஒரே கூடு, ஒரே தீனி. இது ரெண்டும் மட்டும் எப்படிய்யா பொழைச்சது?" என்று கேட்டார் பாட்டி. தமிழ்ப்பள்ளி மாணவனான எனக்கு விடை தெரியவில்லை.

அது நியூகாசல் நோய். தமிழகத்தில் வெள்ளைக்கழிச்சல் என்பர். 1926-இல் இங்கிலாந்திலும் ஜாவாவிலும் இனங்காணப்பட்ட இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ்.

வைரஸ் நுழைந்ததும் கோழியின் உடல் என்ன செய்கிறது? மரபணுத் தொகுதியை ஒரு சமையல் ஏடு என்று வைத்துக்கொள்வோம். எல்லா உயிரணுவிலும் அதே ஏடுதான். தேவையான பக்கம் மட்டும் படியெடுக்கப்படும். அந்தப் படியே தூது ஆர்.என்.ஏ. வைரஸ் வந்தால், அதன் பெருக்கத்தைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் பக்கத்தின் படிகள் சில மணி நேரத்திலேயே பெருகும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றவோ சில நாள்களாகும். இன்டர்ஃபெரானை 1957-இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்ததே கோழிக்கருவின் சவ்வில்தான்!

மரபணுவின் செயல்பாட்டை அளப்பது என்றால் இந்தப் படிகளை எண்ணுவது. மண்ணீரலிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, டி.என்.ஏ.வாக மாற்றி, பி.சி.ஆர். கருவியில் இடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிப்பாகும். கூடவே சாயத்தின் ஒளியும் கூடும். ஒரு கோழியின் மாதிரி மூன்று சுற்று முன்னதாக ஒளிர்ந்தால், அதில் எட்டு மடங்கு படிகள் இருந்தன என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திசுவை அதிகம் எடுத்தாலும் எண்ணிக்கை கூடும். ஆகவே, பீட்டா ஆக்டின் போன்ற, அதிகம் மாறாத மரபணு ஒன்றையும் அளந்து ஒப்பிட வேண்டும். நோயில் அதுவே மாறினால் கணக்கு முழுதும் பொய்யாகும். அதனால், அது மாறவில்லை என்பதையும் முதலில் சோதிக்க வேண்டும்.

சென்ற விடுமுறையில் பாட்டியிடம் இதைத் தமிழிலேயே விளக்கினேன். "அப்ப நம்ம ரெண்டு கோழி?" என்றார். அவை இன்டர்ஃபெரானை விரைந்து சுரந்திருக்கலாம். வைரஸ் குறைவாகப் பட்டிருக்கலாம். அன்று யாரும் அளக்கவில்லை; ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும். "தெரியாது பாட்டி" என்றேன்.

"தெரியாததத் தெரியாதுன்னு சொல்லவா அவ்ளோ படிச்ச?" என்று சிரித்தார்.

ஆம் நண்பர்களே, அதற்கும்தான்.