இணையம் வருகிறது, பக்கம் திறக்கவில்லை: கோளாறு எங்கே?

மாதத்தின் கடைசி வேலை நாள் வந்துவிட்டால் கடை முதலாளிமாருக்கு இருப்புக் கொள்ளாது. கடந்த மாதத்துக்கான ஊழியர் சேமலாப நிதியை அன்றைக்குள் கட்டியாக வேண்டும். தாமதமானால் மிகைக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கும். ஒரு வருடம் தாண்டினால் அது 50 சதவீதம் வரை போகும். பணம் வங்கியில் இருக்கிறது, கணனி மேசையில் இருக்கிறது, இணையக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. ஆனால் வங்கியின் பக்கம் மட்டும் திறக்க மறுக்கிறது. வட்ஸ்அப்பில் செய்தி வருகிறது, யூடியூப் கூட ஓடுகிறது. அப்படியென்றால் கோளாறு எங்கே?

திருகோணமலை பிரதான வீதியிலும் உட்துறைமுக வீதியிலும் கிண்ணியா, மூதூர் பக்கங்களிலும் வியாபாரம் செய்பவர்கள் இப்போது கேட்கும் கேள்வி இதுதான். கொழும்புக்கு மீன் அனுப்புகிறவர், ஹாட்வெயார் கடைக்காரர், அரிசி மொத்த வியாபாரி என எல்லோருடைய கொடுக்கல் வாங்கலும் இன்று இணையத்தில்தான் நடக்கிறது. பக்கம் திறக்காவிட்டால் பலர் உடனே சேவை நிறுவனத்தைத் திட்டுகிறார்கள், அல்லது கணனியைத் தூக்கிக்கொண்டு திருத்துமிடத்துக்கு ஓடுகிறார்கள். பல வேளைகளில் கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சேவை நிறுவனம் தந்த இணைப்பு மென்பொருளே அந்த நடு இடம்.

நடுவில் நிற்கும் மென்பொருள்

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை எமது சரக்குகள் படகுப் பாதையில்தான் கரை கடந்தன. இந்தக் கரையிலும் வீதி நன்றாக இருக்கும், அந்தக் கரையிலும் வீதி நன்றாக இருக்கும். நடுவில் பாதை நின்றுவிட்டால் லொறியும் நின்றுவிடும். இணைப்பு மென்பொருளும் அப்படித்தான்.

யுத்தம் முடிந்த காலத்தில் எமது பகுதிகளில் டொங்கிள் பரவலாகப் பாவனைக்கு வந்தது. அதைக் கணனியில் செருகியதும் முதலில் ஓர் இறுவட்டுப் போலத் தன்னைக் காட்டும், தன்னுள் இருக்கும் மென்பொருளைக் கணனியில் பதியும், பிறகுதான் மோடமாக வேலை செய்யும். ஹுவாவி நிறுவனத்தின் 'மொபைல் பார்ட்னர்' இந்த வகையில் அதிகம் அறியப்பட்ட மென்பொருள். சேவை நிறுவனங்கள் தமது பெயரையும் நிறத்தையும் இட்டு அதையே வாடிக்கையாளருக்குக் கொடுத்தன. அது கணனியில் ஒரு புதிய இணைப்பை உருவாக்கும், தளங்களின் பெயர்களைத் தேடித்தரும் டிஎன்எஸ் முகவரியைத் தானே அமைக்கும், பின்னணியில் தனக்கான புதுப்பிப்பையும் தேடிக்கொண்டிருக்கும்.

இன்று பெரும்பாலான கடைகளில் ரவுட்டர் இருக்கிறது, அல்லது கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டைப் பாவிக்கிறார்கள். டொங்கிள் எங்கோ ஒரு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. ஆனால் அதன் மென்பொருள் பழைய கணனியில் அப்படியே இருந்து பழைய அமைப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இது வெறும் தொல்லை மட்டுமல்ல

2013 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த 'பிளாக் ஹாட்' பாதுகாப்பு மாநாட்டில் நிகிதா தரக்கானோவ், ஒலெக் குப்ரீவ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த டொங்கிள் மென்பொருட்களின் பலவீனங்களை விளக்கினார்கள். டொங்கிளின் உள்ளே இருக்கும் அமைப்புக் கோப்பை மாற்றி, டிஎன்எஸ் முகவரியை வேறொருவரின் கைக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவர்கள் காட்டியவற்றில் ஒன்று.

டிஎன்எஸ் கைமாறினால் என்ன நடக்கும்? அது தொலைபேசி விபரக்கொத்து மாதிரி. வங்கியின் பெயருக்கு நேரே கள்வனின் இலக்கத்தை எழுதிவிட்டால், நீங்கள் சரியான பெயரைத் தட்டினாலும் போய்ச் சேருவது கள்வனின் வாசலுக்கு. 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற தீய மென்பொருள் இதைத்தான் செய்தது. 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 இலட்சம் கணனிகளில் அது புகுந்திருந்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்த வலைப்பின்னலைப் பிடித்தது. பாதிக்கப்பட்டவர்களின் இணைப்பு உடனே அறுந்துவிடாதிருக்க மாற்று வழங்கிகள் சில மாதங்கள் இயங்கின. 2012 ஜூலை 9 அன்று அவை நிறுத்தப்பட்டபோது, கணனியைச் சுத்தம் செய்யாதவர்களால் பக்கங்களைத் திறக்க முடியாமல் போனது. இணைப்பு அறுபடவில்லை. விபரக்கொத்துத்தான் இல்லாமற் போனது.

சேவை வழங்குநரின் பக்கத்திலேயே பிரச்சினை எழுந்த சம்பவமும் உண்டு. 2015 ஜூனில் பெங்களூரில் தேஜேஷ் என்ற மென்பொருளாளர், தான் ஏர்டெல் 3ஜி இணைப்பில் திறந்த பக்கங்களில் தளத்துக்குச் சொந்தமில்லாத குறிமுறை நுழைக்கப்படுவதைக் கண்டு பகிரங்கப்படுத்தினார். வாடிக்கையாளர் தமது டேட்டா பாவனையை அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. பூட்டுக் குறியுள்ள, அதாவது எச்டிடிபிஎஸ் முகவரியுள்ள பக்கங்களில் இப்படி நடுவில் எவரும் கை வைப்பது மிகக் கடினம். வங்கிப் பக்கத்தில் அந்த முகவரியைக் கவனியுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

படிப்படியாகப் பாருங்கள்

முதலில் இரண்டு ஒப்பீடுகளைச் செய்யுங்கள். அதே வைஃபையில் கைத்தொலைபேசி மூலம் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் கோளாறு உங்கள் கணனியில். பிறகு பக்கத்துக் கடை நானாவின் வேறு நிறுவன ஹொட்ஸ்பொட்டை ஐந்து நிமிடம் வாங்கி, உங்கள் கணனியை அதில் இணைத்துப் பாருங்கள். அப்போது திறந்தால் இணைப்பின் பக்கமே சந்தேகம். இரண்டு இணைப்பிலும் எந்தக் கருவியிலும் திறக்காவிட்டால், வங்கியின் தளமே படுத்திருக்கலாம். ஒரு தராசைச் சந்தேகித்தால் அதே மூடையை இன்னொரு தராசில் போட்டுப் பார்ப்பதில்லையா? அதே கணக்குத்தான்.

இரண்டாவது, உங்கள் டேட்டாப் பொதி எந்த வகை என்று பாருங்கள். சமூக ஊடகங்களுக்கு மட்டுமான பொதியில் வட்ஸ்அப் ஓடும், வங்கி திறக்காது. பலர் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். அது பொதியின் எல்லை.

மூன்றாவது, வேறொரு பிரவுசரிலோ பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்திலோ திறந்து பாருங்கள். அங்கே திறந்தால், பிரவுசரில் தேங்கிய பழைய தகவல்களையும் தேவையற்ற நீட்சிகளையும் அகற்றினால் போதும்.

நான்காவது, புரொக்சி அமைப்பு. விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் அமைப்புகள் பகுதிக்குள் நெட்வேர்க் என்பதைத் திறந்தால் புரொக்சி என்று ஒரு பக்கம் இருக்கும். நீங்கள் போடாத புரொக்சி அங்கே செயலில் இருந்தால் அதை நிறுத்துங்கள். 127.0.0.1 என்ற முகவரி அங்கே இருந்தால், கணனிக்குள் இருந்த ஏதோ ஒரு மென்பொருள் நடுவராக நின்றிருக்கிறது என்று அர்த்தம். அந்த மென்பொருள் போய்விட்டால் நடுவர் இல்லை, பக்கமும் திறக்காது. எமது நாட்டில் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் மாதங்களில் சமூக ஊடகங்கள் தடைப்பட்டபோது பலர் இலவச விபிஎன் செயலிகளைப் பதிந்தார்கள். தடை நீங்கிய பிறகும் அவற்றை அகற்றாதவர்கள் உண்டு. விபிஎன் ஊடாகப் போகும்போது நீங்கள் வேறு நாட்டிலிருந்து வருவதாக வங்கி நினைத்துக் கதவை மூடலாம்.

ஐந்தாவது, டிஎன்எஸ். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ஆங்கிலத்தில் பிங் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வந்தும் தளங்களின் பெயர்கள் மட்டும் திறக்காவிட்டால் விபரக்கொத்தில்தான் கோளாறு. டிஎன்எஸ் அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேயரின் 1.1.1.1 என்பதைப் போட்டுப் பாருங்கள்.

ஆறாவது, கணனியின் திகதியும் நேரமும். கணனிக்குள் இருக்கும் சிறு மின்கலம் பழுதானால் திகதி பல வருடங்கள் பின்னே போய்விடும். அப்போது பாதுகாப்பான பக்கங்கள் எல்லாம் எச்சரிக்கை காட்டும்.

சில தளங்கள் பாதி திறந்து நின்றுவிட்டால், ஏடிஎஸ்எல் போன்ற இணைப்புகளில் பொதியளவு காரணமாக இருக்கலாம். வழமையான அளவு 1500. பிபிபிஓஈ முறையில் 1492தான் போகும். ரவுட்டரில் இந்த இலக்கத்தைச் சரிபார்க்கும்படி தொழிநுட்பவியலாளரிடம் சொல்லுங்கள்.

அகற்றுவதற்கு முன்னும் பின்னும்

பாவிக்காத டொங்கிள் மென்பொருளை நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலிலிருந்து அகற்றி, கணனியை மீண்டும் இயக்குங்கள். இன்னும் டொங்கிள் பாவிப்பவர்கள், அகற்றும் முன் அதிலுள்ள ஏபிஎன் பெயரைக் குறித்து வையுங்கள். சில டொங்கிள்களுக்கு மென்பொருளே தேவையில்லை. ஹுவாவியின் 'ஹைலிங்க்' வகையில் பிரவுசரில் 192.168.8.1 என்று தட்டினால் அமைப்புகள் அனைத்தும் வந்துவிடும்.

மூன்று காரியங்களைச் செய்யாதீர்கள். வங்கிப் பக்கத்தில் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் அதை மீறி உள்ளே போகாதீர்கள். இணைய வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருளைப் பதியாதீர்கள். தொலைபேசியில் பேசும் முன்பின் தெரியாதவருக்கு உங்கள் கணனியைத் தூர இருந்து இயக்க அனுமதி கொடுக்காதீர்கள். அவசரத்தில் இருக்கும் வியாபாரியைத்தான் மோசடிக்காரன் தேடுகிறான்.

இவ்வளவும் பார்த்த பிறகு கோளாறு இணைப்பில்தான் என்று தெரிந்தால், சேவை நிறுவனத்தில் முறைப்பாட்டைப் பதிந்து அதன் இலக்கம், திகதி, நேரம், எந்தத் தளம், எந்தக் கருவி என்பவற்றைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் போகலாம். வெறுங்கையோடு போகிறவரை விட ஒப்பிட்டுப் பார்த்த விபரத்தோடு போகிறவரின் முறைப்பாட்டுக்குப் பெறுமதி அதிகம்.

இந்தப் பரிசோதனைகளுக்கு அரை மணித்தியாலம் போதும். அதைக் கடைசி நாள் மாலையில் வைத்துக்கொள்ளாமல், மாதத்தின் நடுவில் கூட்டம் குறைந்த ஒரு நாளில் செய்துவிடுங்கள்.