டூட்டூவும் விசிறியும்: ஒரு செலவுக் கணக்கு

ஒரு காஞ்சிபுரம் பட்டுச் சேலை ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணியையும் சேர்த்தால் 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். கிழக்குத் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ பரதநாட்டிய டிரெஸ் தைக்கிறவரிடம் கொடுத்தால், அதை ரவிக்கை, பைஜாமா, முன்விசிறி, மேலாக்கு, பின்பக்கம் மறைக்கும் துண்டு என்று 5 உருப்படிகளாக்கித் தருவார். பாலே ஆடுகிறவர் உடுத்தும் பாவாடையான டூட்டூவுக்கு 10 முதல் 12 அடுக்கு வலைத்துணி வேண்டும், அதாவது 10 மீட்டரும் அதற்கு மேலும். ஒன்று பட்டு, மற்றது காற்றாய்ப் பறக்கும் வலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் எழுகிற கேள்வி ஒன்றுதான்: இந்தத் துணிக்கான பணம் யார் மடியிலிருந்து போனது?

1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் மரி தாக்லியோனி ‘லா சில்ஃபீட்’ ஆடினார். ஓவியர் யூஜீன் லாமி வடிவமைத்த வெண்ணிற உடையில், மணி போல் விரிந்த பாவாடை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே நின்றது. கையால் பின்னிய வலைத்துணி பணக்காரர் பொருளாக இருந்த காலம் அதற்குள் முடிந்திருந்தது. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் 1809-இல் காப்புரிமை பெற்ற வலை நெய்யும் இயந்திரம் அதை மலிவாக்கியிருந்தது. அடுக்கடுக்காய் வலைத்துணியும் மஸ்லினும் சேர்த்துத் தைப்பது நாடகக் கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகத் தொடங்கியது அதன் பிறகுதான்.

கம்பெனிக்குக் கட்டுப்படியானது ஆடுகிறவளுக்கும் கட்டுப்படியானதா? லண்டன் பாலே பெண்களைப் பற்றி 1847-இல் ஆல்பர்ட் ஸ்மித் எழுதிய சிறு நூலின்படி, கூட்டத்தில் ஆடும் பெண்ணுக்கு வாரக் கூலி 12 முதல் 18 ஷில்லிங். அன்றைக்கு 2 ஷில்லிங் ஏறக்குறைய 1 ரூபாய். நம் கணக்கில் வாரம் 6 முதல் 9 ரூபாய். அந்தக் கூலியிலிருந்தே காலணி, பட்டுக் காலுறை, உள்பாவாடை எல்லாம் அவளே வாங்கிக்கொள்ள வேண்டும். மேடையில் மேகம் போல் தெரிந்த அந்த வெண்மையில் ஒரு பங்கு அவளுடைய கூலிப் பணம்.

இன்னொரு பத்தியும் அந்தக் கணக்கில் உண்டு. அது உயிர்க் கணக்கு. லண்டனின் பெரிய அரங்குகளுக்கு 1817-லேயே எரிவாயு விளக்கு வந்துவிட்டது. மெல்லிய பருத்தித் துணி, அடுக்குகளுக்கிடையே காற்று, பக்கத்தில் திறந்த சுடர். 1844 டிசம்பர் 14 அன்று டுரூரி லேன் அரங்கில் ஆடிக்கொண்டிருந்த கிளாரா வெப்ஸ்டரின் பாவாடை மேடை விளக்கில் பட்டுப் பற்றியது. மூன்று நாளில் இறந்தார். வயது 23. 1861 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவின் கான்டினென்டல் அரங்கில் ஒருத்தியின் உடையில் பிடித்த தீ மற்றவர்களுக்கும் பரவி, குறைந்தது 6 பேரைக் கொன்றது.

தடுக்க வழி இல்லாமல் இல்லை. பிரான்சில் கார்தெரோன் என்பவர் கண்ட முறைப்படி படிகாரம் போன்ற உப்புகளில் துணியை ஊறவைத்தால் சட்டென்று பற்றாது. 1859-இல் அரங்குகளுக்கு அது கட்டாயமும் ஆயிற்று. அதே ஆண்டு இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் வேண்டுகோளின்பேரில் வெர்ஸ்மன், ஓப்பன்ஹைம் என்ற இருவர் மஸ்லினைத் தீயிலிருந்து காக்கும் உப்புகளைச் சோதித்துப் பட்டியலிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், கார்தெரோன் முறையில் ஊறிய துணி விறைத்து, பழுப்பேறி, மிதக்காமல் தொங்கியது. தாக்லியோனியின் மாணவி எம்மா லிவ்ரி அதை உடுத்த மறுத்தார். 1862 நவம்பர் 15 அன்று ஒத்திகையில் அவருடைய பாவாடை எரிவாயுச் சுடரில் பட்டது. 253 நாள் வேதனைப்பட்டு 1863 ஜூலை 26 அன்று இறந்தார், 21 வயது நிறையும் முன்பே. கருகிய துணியின் மிச்சம் பாரிஸ் ஓபரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய பிடிவாதம் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மிதப்பதுபோல் தெரிந்தால்தான் கைதட்டல், கைதட்டல் இருந்தால்தான் அடுத்த வேடம் என்ற நிலையில் வேறு எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்?

சுடருக்கு மாற்று பின்னால்தான் வந்தது: 1881-இல் லண்டன் சவாய் அரங்கு முழுக்க மின்விளக்குக்கு மாறியது. அதே ஆண்டு பிரெஞ்சு ஓவியர் தெகா தன் 14 வயது நடனச் சிறுமிச் சிலைக்கு நிஜத் துணிப் பாவாடை உடுத்திக் காட்சிக்கு வைத்தார். 1885-இல் பீட்டர்ஸ்பர்க்கில் பாலே நடனக்காரி விர்ஜினியா சூக்கி பாவாடையை முழங்காலுக்கு மேலே ஏற்றினார். காலின் வேலை நுணுக்கமாக ஆக, அதை மறைக்கும் துணி குறைந்தது.

நம் பக்கத்துக் கணக்கு இதற்கெல்லாம் முன்பே, 1838-இல் தொடங்குகிறது. கடலூருக்குப் பக்கத்தில் உள்ள திருவந்திபுரத்திலிருந்து 5 ஆடல் பெண்களும் 3 இசைக்காரர்களும் கப்பலேறினார்கள். மூத்தவர் திலம்மாள், வயது 30. அம்மணிக்கு 18. கடைக்குட்டிக்கு 6. ஆகஸ்டில் பாரிஸ், அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி அரங்கு. பாரிஸில் அம்மணியைப் பார்த்து நெகிழ்ந்து எழுதியவர் கவிஞர் தியோஃபில் கோத்தியே. மூன்றே ஆண்டில், 1841-இல், வெண்பாவாடைப் பெண்கள் நிறைந்த ‘ஜிசெல்’ பாலேயின் கதையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1877-இல் பீட்டர்ஸ்பர்க்கில் நடன அமைப்பாளர் பெதிபா இந்தியக் கோயில் நடனப் பெண்ணைக் கதாநாயகியாக்கி ‘லா பயதேர்’ அமைத்தார். அதன் நிழல்கள் காட்சியில் இன்று பெரிய குழுக்களில் 32 பேர் வெள்ளை டூட்டூவில் ஒருவர் பின் ஒருவராய் இறங்குகிறார்கள். ஆளுக்கு 10 மீட்டர் என்றே வைத்தாலும் 320 மீட்டர், அதாவது 58 பட்டுச் சேலை நீளம். நிஜமாகவே போய் ஆடியவர்களுக்கோ 8 பேர் கொண்ட ஒரு குழுவின் மூட்டை முடிச்சுதான்.

தைத்த உடை நம் மேடைக்கு நிலையாக வந்ததும் பாலே வழியாகத்தான். ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலில் அவருடைய குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்ற ருக்மிணி தேவி, பின்பு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் (இன்றைய பரதநாட்டியம்) பயின்று, 1935 டிசம்பர் 30 அன்று அடையாறில் ஆடினார். உடை அமைப்பில் உதவியவர் மேடம் கசான் என்ற இத்தாலியப் பெண். அரைமண்டியில் உட்கார்ந்ததும் விரியும் அந்த விசிறி, காலின் வேலையைக் காட்டுவதற்காகவே மடிக்கப்பட்டது. 1936-இல் அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா பின்பு திருவான்மியூருக்குப் போனது. அங்கே நெசவும் நடந்தது, அதனால் துணியின் செலவை நெசவாளி பக்கத்திலிருந்தும் பார்த்த நடனப் பள்ளி அது.

தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கம் இன்றைக்கும் பணம் வீட்டு மடியிலிருந்துதான். நல்ல காஞ்சிப் பட்டு 10,000 ரூபாய்க்குக் கீழே அரிது, செயற்கைப் பட்டான ஆர்ட் சில்க் அதைவிட மிகவும் மலிவு. ஆண்டு விழாவுக்கு மட்டும் என்றால் வாடகை டிரெஸ் சில நூறு ரூபாயில் முடியும். காலுக்கு 50 மணி வைத்த சலங்கை, தலைச்சாமான், ஒட்டியாணம் தனி. மலிவு கருதி ஆர்ட் சில்க் எடுக்கும் தாய்மாரிடம் ஒன்று சொல்ல வேண்டும். பட்டு தீயில் சுருங்கி, பெரும்பாலும் தானே அணையும். ஆர்ட் சில்க் என்று விற்கும் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். சபாக்களின் மேடையோரத்தில் நடராஜர் சிலைக்கு முன்னால் குத்துவிளக்கு எரிகிறது, குழந்தைகள் புஷ்பாஞ்சலிக்கு அதன் பக்கமாகத்தான் நடந்து வருகிறார்கள். விளக்கை இரண்டு எட்டுத் தள்ளி வைப்பதற்குச் செலவே இல்லை.

தையற்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி. வளர்கிற பெண்ணுக்கு ரவிக்கையிலும் பைஜாமாவிலும் உள்ளே 2 அங்குலம் தையல் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஒரே பட்டை இன்னும் சில ஆண்டு விழாக்களுக்குப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.