பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? குனிஞ்சு பாருங்க!

நெல்லித்தோப்பு:-

ஜீப் என்றாலே தனி கம்பீரம். அதிலும் 4 சக்கரமும் இழுக்கும் ஜீப் என்றால் கேட்கவே வேண்டாம். கடை முதலாளிக்கும் ஆசை, ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் ஆசை. புது வண்டி விலை கட்டுப்படியாகாதவர்கள் பழசைத் தேடுகிறார்கள்.

"வண்டி கண்ணாடி மாதிரி இருக்குதுன்னு புரோக்கர் சொல்றாருப்பா" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், "மேலே கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அடியில குனிஞ்சு பார்த்தியா?" என்று இன்னொருவர் மடக்குவது வழக்கம்.

அந்தக் கேள்வி நியாயமானது. பளபளப்பை நம்பி லட்சக் கணக்கில் கொடுத்துவிட்டு, பிறகு பட்டறை வாசலில் காத்துக் கிடப்பவர்கள் உண்டு.

ஸ்டிக்கரை நம்பாதே!

ஜீப் மாதிரி இருப்பதெல்லாம் 4 சக்கர இழுவை அல்ல. பொலிரோ வண்டிகளில் பெரும்பாலானவை பின் சக்கர இழுவைதான். 2020-ல் புது உருவில் வந்த மகிந்திரா 'தார்' வண்டியிலும், பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ரகம் 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. தோற்றம் ஒன்றுதான். '4×4' ஸ்டிக்கர் ஒட்ட எத்தனை நேரம் ஆகும்?

முன் சக்கரங்களுக்கு நடுவே குனிந்து பார்க்க வேண்டும். பின்னால் இருப்பது போலவே முன்னாலும் டிபரன்ஷியல் உருண்டை இருக்க வேண்டும். நடுவில் இருந்து அதற்கு ஒரு ஷாப்ட் போக வேண்டும். உள்ளே கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருக்கும். சில வண்டிகளில் அதற்குப் பதில் சுவிட்சு.

இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்ய வேண்டும். மணலில் நிறுத்தி, 4 சக்கர இழுவையைப் போட்டு மெல்ல நகர்த்தினால் முன் சக்கரமும் மண்ணைத் தள்ள வேண்டும். பழைய ஜீப்புகள் சிலவற்றில் முன் சக்கரத்தின் நடுவே உள்ள பூட்டைக் கையால் திருகினால்தான் இழுக்கும். 'கடகட' என்று சத்தம் கேட்டாலோ, போட்ட கம்பி தானாகக் கழன்றாலோ பெரிய செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

காய்ந்த தார் ரோட்டில் இந்தச் சோதனை வேண்டாம். திருப்பும்போது இறுகிக் கொண்டு, உள்ளே இருக்கும் பல்சக்கரங்களைக் கெடுத்து விடும். 4 டயரும் ஒரே அளவா என்றும் பார்க்க வேண்டும். அளவு மாறினாலும் இதே கேடுதான்.

துருவும் வெள்ளமும்

புதுவை கடலோர ஊர். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். சேசிசைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்றால் உள்ளே துரு. ஸ்பிரிங் மாட்டும் இடம், ஸ்டீயரிங் பெட்டி மாட்டும் இடம் இரண்டிலும் விரிசல், வெல்டிங் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. அடியில் மட்டும் புதுசாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால், 'ஏன்?' என்று கேட்க வேண்டும்.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தெருவில் நின்ற வண்டிகளில் தண்ணீர் புகுந்தது. சென்னையும் 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் மிதந்தது. அப்படி நனைந்த வண்டி, கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரலாம்.

கண்டுபிடிக்க வழி உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியும். தரை விரிப்பைத் தூக்கினால் வாடை காட்டிக் கொடுக்கும். டிபரன்ஷியல் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர்!

புகை சொல்லும் சேதி

வண்டி பார்க்கக் காலையில் போவதே நல்லது. "இப்பதான் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன்" என்று என்ஜினைச் சூடாக வைத்திருந்தால் சந்தேகப்படலாம். குளிர்ந்த என்ஜின் உடனே கிளம்ப வேண்டும். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது.

காகிதம்தான் உயிர்

என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப் போக வேண்டும். தேய்த்து வெட்டிய அடையாளம் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பைனான்ஸ் பாக்கி, போலீஸ் அபராதம் உண்டா என்று 'எம்பரிவாகன்' செயலியில் பார்க்கலாம்.

சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். வெளி மாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று தேவை. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுவை நம்பர் வாங்கியாக வேண்டும்.

உருவத்தை மாற்றிக் கட்டிய ஜீப் என்றால் இன்னும் உஷார். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விற்பவருக்கும் ஒரு சேதி. பணம் வாங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததாக ஆகாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, பெயர் மாறும் வரை இருவருக்கும் நிம்மதி இல்லை. இன்சூரன்சையும் 14 நாளுக்குள் வாங்கியவர் பெயருக்கு மாற்ற மனு கொடுக்க வேண்டும்.

தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் ஒரு நாள் கூலி. கூட்டிப் போகாமல் ஏமாந்தால், டிரான்ஸ்பர் கேஸ் ஒன்றுக்கே பல மாதச் சம்பளம் போய்விடும்!