மூச்சு வாங்கும் பெட்டி

உறையூரிலிருந்து ஒரு வங்கி ஊழியர் எழுதியிருக்கிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான். படிப்புக்குத்தான் என்று சத்தியம் செய்து கேமிங் கம்ப்யூட்டர் வாங்க வைத்து இரண்டரை வருடம் ஆகிறதாம். “ஜி.டி.ஏ. 5 போட்டால் முதல் இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் படம் திக்கித் திக்கி வருகிறது. 90-இல் இருந்த எஃப்.பி.எஸ். 35-க்கு விழுகிறது என்று புலம்புகிறான். கடைக்காரர் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார். முப்பதாயிரம் ஆகுமாம். மாற்றிவிடலாமா?”

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. உங்கள் கடிதத்தில் முப்பதாயிரத்தைவிட மதிப்புள்ள இரண்டு சொற்கள் இருக்கின்றன: இருபது நிமிடம். சாயங்காலமானால்தான் காய்ச்சல் ஏறுகிறது என்று ஒருவர் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்காருவாரே, அப்படித்தான் நானும் உட்கார்ந்தேன்.

எஃப்.பி.எஸ். என்றால் என்ன என்பதை உங்கள் மகனே சொல்லிவிடுவான். அதற்குள் ஒளிந்திருக்கும் கணக்கை மட்டும் சொல்கிறேன். விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்தை வரைந்து முடிக்க 16.7 மில்லி விநாடி அவகாசம். ஏதோ ஒரு படத்துக்கு மட்டும் 100 மில்லி விநாடி பிடித்தால் கண்ணுக்குத் திக்கல் தெரிந்துவிடும். சராசரியிலோ அது கரைந்துபோகும். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஆறு மணி நேரத்தில் வந்த பஸ், செங்கல்பட்டில் முக்கால் மணி நேரம் நின்றதைச் சராசரி வேகம் சொல்லுமா?

கேம் தொடங்கியதிலிருந்தே திக்கினால் காரணங்கள் வேறு. எட்டு ஜிபி ராம் ஒரே குச்சியாக இருக்கலாம். இரண்டாகப் போட்டிருந்தால் தரவு போக இரண்டு பாதை கிடைத்திருக்கும். லேப்டாப்பை சார்ஜரில் போடாமல் ஆடலாம். ஆன்டிவைரஸ் பின்னால் உட்கார்ந்து எல்லாக் கோப்புகளையும் புரட்டிக்கொண்டிருக்கலாம். என் நண்பர் ஒருவர் மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு, வாங்கிய கார்டு வெறும் டப்பா என்று ஆறு மாதம் திட்டித் தீர்த்தார். இவையெல்லாம் இருபது நிமிடம் காத்திருந்து வருகிற தொல்லைகள் இல்லை. அப்படிக் காத்திருந்து வருவது பெரும்பாலும் சூடு.

தோசைக்கல் உடனே காய்வதில்லை. காய்ந்த பிறகு உடனே ஆறுவதும் இல்லை. பிராசஸர் தலையில் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க் என்ற உலோக அடுக்கும் அதே சாதிதான். முதலில் சூட்டைத் தானே குடித்துக்கொள்கிறது. பிறகு கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று சூடாகிறது. கடைசியில் அறையே சூடாகிறது. கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சேர்ந்து 200 வாட் இழுத்தால், பழைய நூறு வாட் குண்டு பல்பு இரண்டை அந்தப் பெட்டிக்குள் எரியவிட்டதற்குச் சமம். மேஜைக்கடியில் கதவு போட்ட அலமாரிக்குள் அதை வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அறை 22 டிகிரியில் இருந்தால் இடைவெளி 78. அக்னி நட்சத்திரத்தில் அறை 38-க்குப் போனால் இடைவெளி 62 ஆகச் சுருங்கிவிடும். வெப்பம் இந்த இடைவெளியை நம்பித்தான் வெளியேறுகிறது. அதே ஹீட்சிங்க், அதே விசிறி, வேலைத்திறனில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

எல்லையைத் தொட்டதும் சிப் என்ன செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இந்தப் புத்தி சிப்புகள் எல்லாவற்றுக்கும் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற ஆய்வுத் தளத்தினர் ஒரு கொடூரமான சோதனை செய்து வீடியோ எடுத்தார்கள். குவேக் 3 என்ற கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசஸர் தலையிலிருந்து ஹீட்சிங்கைப் பிடுங்கிவிட்டார்கள். ஏ.எம்.டி.யின் ஆத்லான் சில விநாடிகளில் புகைந்து செத்தது. இன்டெல்லின் பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, ஆனால் பிழைத்துக்கொண்டது. பென்டியம் 4 மட்டும் நிற்கவில்லை. நடை தளர்ந்தது, படம் திக்கியது, கேம் ஓடிக்கொண்டே இருந்தது. ஹீட்சிங்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்தைப் பிடித்தது. அதற்குள் இருந்த வெப்ப உணரி, கடிகாரத் துடிப்பை விட்டு விட்டு நிறுத்திச் சிப்புக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்திருக்கிறது.

எங்கள் ஊர்க் கிணற்று மோட்டாரை வைத்து இதை எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிகக் கரன்ட் இழுக்கும், சூடேறும், ஸ்டார்ட்டரில் இருக்கும் ரிலே தட்டிவிடும். பாதி வயல் பாயும்போது நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? என் சித்தப்பா அந்த ரிலேவில் ஒரு வேப்பங்குச்சியைச் சொருகிவைத்தார். அன்றைக்கு வயல் பாய்ந்தது. மறுநாள் மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றிக் காயில் கட்டக் கொண்டுபோனோம். குச்சி சொருகிய மோட்டார்தான் ஆத்லான். தட்டிவிட்டு நின்றால் பென்டியம் 3. அந்த வண்டியை இழுத்துப்போன மாடு இருக்கிறதே, உச்சி வெயிலில் யாரும் சொல்லாமலே நடையைக் குறைத்து, புளியமர நிழல் வந்ததும் திரும்ப எட்டிப்போட்டதே, அதுதான் பென்டியம் 4. சூட்டில் வேகம் குறைவதை நிறுத்த ஒரு வழி சொல்லுங்கள் என்று எனக்கு எழுதும் பையன்கள் குச்சி கேட்கிறார்கள்.

இன்றைய சிப்புகள் இன்னும் நாசூக்கானவை. வேகத்தோடு மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கின்றன. மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப வெப்பம் மாறுவதால், இரண்டையும் பத்து சதவீதம் குறைத்தாலே இயங்கும்போது வரும் வெப்பம் 27 சதவீதம்வரை இறங்கிவிடும்.

நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் எந்தக் கம்பெனிக் கார்டிலும் வேலை செய்யும். கேம் ஓடும்போதே திரை மூலையில் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும். வெப்பம் உச்சியில் முட்டி நிற்க, மெகாஹெர்ட்ஸ் சரிந்து, அதே நொடியில் எஃப்.பி.எஸ். விழுந்தால் சந்தேகமே வேண்டாம். அதைவிட எளியது: கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை எதிரே வைத்து ஒரு மணி நேரம் ஆடச் சொல்லுங்கள். திக்கல் போய்விட்டால் கார்டு வாங்கும் பேச்சையே எடுக்காதீர்கள்.

ஹீட்சிங்குக்கும் சிப்புக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தாலும், உண்மையில் மேடுகள் மட்டும்தான் தொடும்; பள்ளங்களில் காற்று நிற்கும். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு 400 என்றால் காற்று வெறும் 0.026. நல்ல பேஸ்டே நாலு முதல் எட்டு வரைதான், செம்பின் பக்கத்தில் அதுவும் சோப்ளாங்கி. ஆனால் காற்றை வெளியே தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்கிறது. கழுவி அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அல்லவா, நடுவில் புகுந்த தண்ணீர் செய்யும் அதே வேலை. அதனால் பட்டாணி அளவு போதும். சப்பாத்திக்கு நெய் தடவுவதுபோல் அப்பினால் கெடுதல்தான். சில வருடங்களில் இது காய்ந்து பொருக்காகிவிடும். பழையதைத் துடைத்து எடுக்க மொபைல் ரிப்பேர் கடைகளில் ஐ.பி.ஏ. திரவம் கிடைக்கும். புது ஹீட்சிங்க் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். நான் ஒரு முறை உரிக்காமல் மாட்டிவிட்டு இரவு முழுக்க மென்பொருளைச் சந்தேகப்பட்டவன்.

ஆனால் உறையூர்ப் பெட்டியில் முதல் குற்றவாளி தூசியாகத்தான் இருக்கும். ஆயுத பூஜைக்கு நாம் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கிறோம், குங்குமம் வைக்கிறோம், சாம்பிராணி காட்டுகிறோம். அந்தப் புகையும் உள்ளே போய்த் தூசியோடு சேர்ந்து பிசுக்காக ஒட்டிக்கொள்கிறது. திறந்து பார்ப்பவர்தான் இல்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏழு கலர் விளக்கு, காற்று நுழைய விரற்கடை சந்து: இப்படி ஒரு கேபினெட்டுக்குப் பத்தாயிரம் கொடுப்பவர்கள் ஐம்பது ரூபாய் பெயின்ட் பிரஷ் வாங்க யோசிக்கிறார்கள். மோட்டாருக்குக் கொட்டகை போட்ட ஊர்க்காரர்களுக்கு இது தெரியாததில்லை. கம்ப்யூட்டர் என்றதும் ஏனோ கை வைக்கப் பயம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மொட்டைமாடிக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். பிரஷால் தளர்த்திவிட்டு புளோயரால் ஊத வேண்டும். ஊதும்போது விசிறி ஜோராகச் சுற்றும், பார்க்க வேடிக்கையாக இருக்கும், அதை அனுமதிக்கக் கூடாது. அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போகும். சுற்றும் மோட்டார் டைனமோவாக மாறி, போர்டுக்குள் கரன்டைத் திருப்பி அனுப்பவும் கூடும். ஒரு விரலால் விசிறியைப் பிடித்துக்கொண்டு ஊதச் சொல்லுங்கள். கொடியில் துணி காயும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.